முந்திரி வடிவத்துக்குள் தமிழ் எழுத்தை உட்கார வைப்பது

பண்ருட்டி முந்திரிக் கடை ஒன்றுக்குப் பாக்கெட் வடிவமைக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பாக்கெட்டின் பின்பக்கத்தில் முந்திரிப் பருப்பு வடிவம் வரைந்து, கடையைப் பற்றிய செய்தி முழுவதையும் அதற்குள் நிரப்பித் தரச் சொன்னாராம் கடைக்காரர். முன்பக்கத்தில் ‘பண்ருட்டி முந்திரி’ என்ற இரண்டே சொற்கள் ஒரு முழு முந்திரியாகத் தெரிய வேண்டுமாம். ஃபோட்டோஷாப்பில் செய்து பார்த்தால் எழுத்து விளிம்பில் போய் ஒட்டுகிறது, நடுநடுவே ஓட்டை விழுகிறது, நுனியில் ஒரே ஓர் எழுத்து மாட்டிக்கொள்கிறது, போதாக்குறைக்கு ‘கொ’ உடைந்து கொம்பு இடம் மாறி நிற்கிறது. என்ன செய்யலாம்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 20 வருடத்துக்கு மேல் நோட்டீஸ், லேபிள், அழைப்பிதழ் வேலை பார்த்து வருகிறேன். இந்த மாதிரி வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மென்பொருள் எழுத்தை வடிவத்துக்குள் ஊற்றித் தரும், பொருத்தித் தராது. பொருத்துவது நம் கையில் இருக்கிறது. எழுத்துக்காக வடிவத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும், வடிவத்துக்காக வாசகத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். இரண்டில் ஒன்றைத் தொடவே மாட்டேன் என்றால் பிடிவாதம் ஓட்டையாகத் தெரியும்.

முதலில் ‘கொ’வைச் சரிசெய்துவிடுவோம். அது சரியாகாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. யூனிகோடில் ‘கொ’ என்பது ‘க’வும் அதற்குப் பின்னால் வரும் ஒகரக் குறியும்தான். அந்தக் குறியைப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது, எழுத்தைக் கோக்கும் எஞ்சினின் வேலை. ஆங்கிலத்துக்கான எஞ்சினுக்கு அது தெரியாது. எடிட் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ் போய், டைப் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினைப் பாருங்கள். பதிப்பைப் பொறுத்து ‘மிடில் ஈஸ்டர்ன் அண்டு சவுத் ஏசியன்’ என்றோ ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’ என்றோ இருக்கும் (புதிய பதிப்புகளில் இந்தத் தேர்வே இல்லாமலும் இருக்கலாம்). அதைத் தேர்ந்தெடுத்து, ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து, புதுக் கோப்பில் தொடங்குங்கள். பழைய லேயர்கள் தானாக மாறாது. பாரகிராஃப் பேனலின் மூலையில் இருக்கும் மெனுவில் வேர்ல்டு-ரெடியை ஒவ்வொரு லேயருக்கும் கொடுக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அதில் ‘கொ’ உடையாதுதான். ஆனால் மென்பொருளின் கண்ணுக்கு அது தமிழே இல்லை, ஏதோ ஆங்கில எழுத்துகளின் வரிசை. கொம்பும் தனி எழுத்து, ‘க’வும் தனி எழுத்து. வடிவத்துக்குள் ஊற்றி, இரண்டு பக்கமும் சமன்செய்யச் சொன்னால் இடைவெளியைக் கொம்புக்கும் ‘க’வுக்கும் நடுவில் கூடப் போட்டுவிடும். வரி ஓரத்தில் சொல்லைத் தானாக உடைக்கும் ஹைஃபனேஷன் இயங்கிக்கொண்டிருந்தால் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் விழலாம். நேரான பெட்டியில் இது அபூர்வமாகத்தான் கண்ணில் படும். வளைந்த வடிவத்தில் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு நீளம் என்பதால் அடிக்கடி வரும். ஆகவே இந்த வேலைக்கு யூனிகோடுக்கு வந்துவிடுங்கள். இலவசமாகவே நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பவனம் எல்லாம் கிடைக்கின்றன. சிறிய அளவில் நிரப்ப நான் முக்தா மலரை எடுப்பேன். பல தடிமன்களில் இருப்பதால் அச்சில் மை பரவினாலும் சரிசெய்துகொள்ள இடம் இருக்கிறது.

இப்போது வடிவம். உங்கள் முந்திரி எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது? குழிவு மேலே பார்த்து இருந்தால், மேல் பாதியில் ஒவ்வொரு வரியும் இடது முனையில் தொடங்கி, நடுவில் வெற்றிடத்தைத் தாண்டி, வலது முனையில் தொடரும். படிப்பவர் இடது முனையை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துவிட்டுப் பொருள் புரியாமல் நிற்பார். முந்திரியைத் திருப்பிக் குழிவு வலது பக்கம் பார்க்கும்படி நிறுத்துங்கள். பிறை நிலா மாதிரி வரும். அப்போது ஒவ்வொரு வரியும் ஒரே துண்டாக ஓடும். இடது ஓரம் ஒரே சீராகப் புடைத்திருப்பதால் கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தடுமாறாமல் பிடிக்கும். நேராக நின்றால் விறைப்பாகத் தெரிகிறது என்றால் 10 டிகிரி சாய்க்கலாம். சாய்த்த பிறகு ஒரு சோதனை: ரூலரிலிருந்து ஒரு கிடைக்கோட்டை இழுத்து மேலிருந்து கீழே நகர்த்துங்கள். எந்த உயரத்திலும் அது விளிம்பை இரண்டே இடத்தில்தான் வெட்ட வேண்டும். நாலு இடத்தில் வெட்டினால் அந்த இடத்தில் வரி உடையும். எந்த வடிவத்தை யார் கொண்டுவந்தாலும் இதைத்தான் முதலில் செய்து பார்க்கிறேன். மாம்பழம், பலாப்பழம், அகல் சுடர் எல்லாம் தேறிவிடும். கிளை விரித்த மரம், சைக்கிள், விரல் விரித்த கை எல்லாம் தேறாது.

அடுத்தது விளிம்பில் ஒட்டும் பிரச்சினை. கண்ணுக்குத் தெரியும் முந்திரி வேறு, எழுத்து நிரம்பும் முந்திரி வேறு. இரண்டுக்கும் ஒரே கோட்டைப் பயன்படுத்தியதால்தான் ஒட்டுகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் ஏரியா டைப் ஆப்ஷன்ஸில் உள்விளிம்பு அளவு கொடுக்கலாம். ஃபோட்டோஷாப்பில் அதற்குத் தனி வசதி இல்லை, நாமே உள்கோடு போட வேண்டும். வடிவத்தை நகலெடுத்து 90 சதவீதமாகச் சுருக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். உருண்டைக்கு அது சரி. குழிவு உள்ள வடிவத்தைச் சுருக்கினால் ஒரு பக்கம் அகலமும் ஒரு பக்கம் குறுகலுமாக ஓரம் வரும், குழிவு இருக்கும் இடத்தில் எழுத்து வெளியிலேயே போய்விடும். வடிவ லேயரின் சின்னப் படத்தை கன்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்தால் செலக்‌ஷன் வரும். செலக்ட் மெனுவில் மாடிஃபை, அதில் கான்ட்ராக்ட். 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கோப்பில் 2 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 24 பிக்சல். பிறகு பாத்ஸ் பேனலில் மேக் ஒர்க் பாத் கொடுத்தால் தேர்ந்தெடுத்த பகுதியின் ஓரம் ஒரு கோடாக, அதாவது பாத்தாக, மாறும். டாலரன்ஸ் 2 வைத்தால் கோடு வழுவழுப்பாக வரும். பாத்தின் பெயரை இரட்டைக் கிளிக் செய்து உடனே சேமித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஒர்க் பாத் இதை அழித்துவிடும்.

டைப் கருவியை அந்தப் பாத்துக்கு உள்ளே கொண்டுபோங்கள். கர்சரைச் சுற்றிப் புள்ளிகளால் ஆன வட்டம் வந்ததும் கிளிக் செய்து வாசகத்தை ஒட்டுங்கள். வட்டம் வராமல் கோட்டின் மேல் கிளிக் செய்தால் எழுத்து விளிம்பைச் சுற்றி ஓட ஆரம்பிக்கும். பலர் இங்கேதான் குழம்பிப் போகிறார்கள். வாசகம் அதிகமாகி உள்ளே அடங்காவிட்டால் பெட்டியின் கீழ் வலது மூலையில் கூட்டல் குறி தெரியும். நிரம்பிய பிறகும் வெள்ளை அம்புக் கருவியால் பாத்தின் புள்ளிகளை நகர்த்தலாம், எழுத்து கூடவே நகரும். நான் இரண்டு திருத்தங்களைத் தவறாமல் செய்வேன். ஒன்று, உள்கோட்டின் மேல் நெற்றியைச் சற்றுத் தட்டையாக்குவது. கூம்பலாக விட்டால் முதல் வரியில் ஒரு சொல் மட்டும் தனியாக நிற்கும். இரண்டு, கீழ் நுனியை உள்கோட்டில் அரை சென்டிமீட்டராவது வெட்டிவிடுவது. அங்கே எழுத்தே வேண்டாம். வெளி முந்திரிக்கு இளம் மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டால் மிச்ச வளைவைக் கண்ணே முடித்துக்கொள்ளும். குறுகிய வரியில் இரண்டு சொல்லாவது அடங்க வேண்டும், அதாவது 12 எழுத்துக்குக் குறையாத அகலம். அதற்குக் கீழே போனால் வெற்றாக விடுவதே அழகு.

எவ்வளவு வாசகம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் பண்ணலாம். 9க்கு 6 சென்டிமீட்டர் பெட்டியில் அடங்கும் முந்திரி என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 54 சதுர சென்டிமீட்டர். உள்கோட்டுக்குள் அதில் 60 சதவீதம் என்றால் சுமார் 32. எழுத்து 8 பாயிண்ட், வரிக்கு வரி 11 பாயிண்ட் என்றால் ஓர் எழுத்து, பக்கத்து இடைவெளியோடு, ஏறக்குறைய 10 சதுர மில்லிமீட்டர் பிடிக்கும். ஆக 320 எழுத்து, அதாவது 45 சொல் அளவுக்கு இடம். எழுத்துருவுக்கு எழுத்துரு கூடும் குறையும். ஆனாலும் கடைக்காரர் 120 சொல் எழுதிக் கொடுத்தால் நடக்காது என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். குறைவாக இருந்தால் ‘முந்திரி முந்திரி’ என்று திரும்பத் திரும்பப் போட்டு நிரப்ப வேண்டாம், தம்பி. சொல்ல விஷயமா இல்லை? ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையில் சாம்பல் தடவிக்கொண்டு கொட்டை உடைக்கும் பெண்களைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். வாங்குபவர் நின்று படிப்பார்.

அடுத்தது ஓட்டைகள். இது தமிழுக்கே உரிய சிக்கல் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வடிவம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு ஓரமும் நிரம்ப வேண்டும், அதனால் ஜஸ்டிஃபை கொடுக்கிறோம். ஆங்கிலச் சொற்கள் குட்டை. நம் சொற்கள் விகுதியும் துணைவினையும் சேர்ந்து நீண்டுகொண்டே போகும். ‘வறுத்தெடுக்கப்படுகின்றன’ என்று ஒரு சொல் வந்து, வரியில் இடம் போதாமல் அடுத்த வரிக்குத் தாவினால், விட்டுப்போன வரியில் இருக்கும் இரண்டு சொற்கள் ஓரத்துக்கு ஒன்றாக விலகி நிற்கும். அதுதான் நீங்கள் பார்க்கும் ஓட்டை. ஜஸ்டிஃபிகேஷன் அமைப்பில் சொல் இடைவெளி 80, 100, 133 என்று இருக்கும். எழுத்து இடைவெளிக்குக் கூடவும் குறையவும் 2 சதவீதம், எழுத்தின் அகலத்துக்கு 97 முதல் 103 வரை கொடுங்கள். அதற்கு மேல் போனால் ஒரு வரி கொழுத்தும் ஒரு வரி மெலிந்தும் தெரியும்.

இவை சின்ன ஓட்டைகளைத்தான் மூடும். பெரிய ஓட்டைக்கு மருந்து சொல்லை உடைப்பது. தமிழ் ஹைஃபனேஷனை மென்பொருளிடம் நம்பி விடாதீர்கள். அணைத்துவிட்டுக் கையால் உடையுங்கள். ஷிஃப்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் புதுப் பத்தி தொடங்காமல் வரி மட்டும் உடையும். எங்கே உடைக்கலாம் என்பதற்கு விதி எளிது: புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரி தொடங்கக் கூடாது. தமிழில் மெய்யெழுத்தில் சொல்லே தொடங்காது; வரி தொடங்கினால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருக்கும். வறுத், தெடுக், கப், படு, கின், றன என்று ஒற்று முந்திய வரியிலேயே தங்கும்படி உடைத்தால் நாக்கும் இடறாது. பழைய தமிழ்ப் புத்தகங்களில் சிறுகோடு போடாமலே சொல்லை உடைத்திருப்பார்கள், நாம் பழகிப் படித்தோம். இந்த மாதிரி அலங்கார வடிவத்தில் நானும் சிறுகோடு போடுவதில்லை. வலது ஓரத்தில் சிறுகோடு வரிசையாக நின்றால் வளைவு பல் விழுந்த சீப்பு மாதிரி ஆகிவிடும். நாலு எழுத்துச் சொல்லை உடைக்காதீர்கள். ஊர்ப் பெயரை உடைக்கவே உடைக்காதீர்கள். இந்த வேலையை எல்லாவற்றுக்கும் கடைசியாகச் செய்யுங்கள், ஏனென்றால் எழுத்தளவை அரை பாயிண்ட் மாற்றினாலும் உடைத்த இடம் எல்லாம் வரி நடுவில் வந்து நிற்கும்.

உடைத்தும் தீரவில்லையா? வாசகத்தை மாற்றுங்கள். ‘முந்திரிப்பருப்பு’ 9 எழுத்து, ‘பருப்பு’ 4 எழுத்து. ‘தயாரிக்கப்படுகிறது’ என்பதைவிட ‘செய்கிறோம்’ குட்டை, படிக்கவும் இதம். நம் புலவர்கள் சித்திரகவி என்று ஒரு வகையே வைத்திருந்தார்கள். தேருக்கு ரத பந்தம், பாம்புக்கு நாக பந்தம், தாமரைக்குப் பதும பந்தம் என்று வடிவத்தை முதலில் வைத்துக்கொண்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எண்ணி, அதற்கேற்ற சொல்லைத் தேடித் தேடி அடுக்கினார்கள். நாகத்தின் உடல் பின்னிக்கொள்ளும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு ஓட்டத்துக்கும் பொருந்த வேண்டும். அவர்கள் எழுத்தை நசுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. நாற்பது சொல்லுக்கு நாம் நாலு சொல்லை மாற்றுவதற்குத் தயங்க வேண்டியதே இல்லை. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், அவ்வளவுதான்.

முன்பக்கத்து இரண்டு சொல் வேறு மாதிரி வேலை. அங்கே எழுத்தே வடிவமாக வளைய வேண்டும். எழுத்தை வளைத்துத் தரும் வார்ப் டெக்ஸ்டில் 15 பாணிகள் இருக்கின்றன, மீன் கூட உண்டு, முந்திரி இல்லை. (ஃபோ போல்டு, அதாவது செயற்கைத் தடிமன், போட்ட எழுத்துக்கு வார்ப் வேலை செய்யாது, அதை எடுத்துவிடுங்கள்.) இதற்கு முந்திரியைக் குழிவு கீழே பார்க்கும்படி வில் மாதிரி வைத்து, நடுவில் நீளவாக்கில் ஒரு வளைகோட்டால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளி வளைவு நீளம், உள் வளைவு குட்டை. ‘பண்ருட்டி’ 5 எழுத்து, ‘முந்திரி’ 4 எழுத்து. நீளமானது வெளியே, குட்டையானது உள்ளே என்று தானாகவே பொருந்துகிறது. இல்லஸ்ட்ரேட்டர் இருந்தால் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக, வடிவத்தை எழுத்துக்கு மேலே வைத்து, கன்ட்ரோல் ஆல்ட் சி அழுத்தினால் எழுத்து வடிவத்தை நிரப்பிக்கொள்ளும். ஃபோட்டோஷாப் மட்டும்தான் என்றால் டைப் மெனுவில் கன்வர்ட் டு ஷேப் செய்துவிட்டு, எடிட் மெனுவின் டிரான்ஸ்ஃபார்மில் வார்ப்.

இங்கேதான் கவனம் வேண்டும். ‘ப’வை எவ்வளவு இழுத்தாலும் ‘ப’தான். கொம்பும் சுழியும் புள்ளியும் அப்படி இல்லை. ‘முந்திரிக் கொட்டை’ என்று போட்டு அழுத்தினால் ஒற்றைக் கொம்பு நசுங்கி இரட்டைக் கொம்பாகத் தெரிந்து ‘கோட்டை’ ஆகிவிடும். ‘தி’யின் மேல் வளைவு தட்டையானால் ‘தீ’யா என்று சந்தேகம் வரும். புள்ளி இன்னும் ஆபத்து. பல வருடத்துக்கு முன் ஒரு பள்ளி விழா அழைப்பிதழில் விரித்த புத்தக வடிவத்துக்குள் எழுத்துகளை நிரப்பினேன். வரி அடுக்கி மேலே கிளிப்பிங் மாஸ்க் போட்டு, விளிம்புக்கு வெளியே நீட்டியதை எல்லாம் மறைத்துவிட்டேன். மேல் விளிம்பில் ‘கல்வி’ என்ற சொல்லில் ‘ல்’லின் புள்ளி வெட்டுப்பட்டு ‘கலவி’ என்று நின்றது. புரூஃப் பார்த்த அம்மா கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அன்றிலிருந்து தமிழ் எழுத்தை மாஸ்க்கால் வெட்டுவதே இல்லை. வளைத்த பிறகு ஒவ்வொரு புள்ளியையும் வெள்ளை அம்பால் தனியாகப் பிடித்து, வட்டமாகவே இருக்கும்படி திருத்தி, விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கிறேன். உங்கள் வேலையில் ‘ண்’, ‘ட்’, ‘ந்’ மூன்றுக்கும் அதைச் செய்யுங்கள். ‘ரு’வின் அடிவளைவு பிரிகோட்டையும், ‘மு’வின் அடிவளைவு கீழ் விளிம்பையும் தொடாமல் பாருங்கள்.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்களுக்கு இங்க்ஸ்கேப் போதும், அதுவும் இலவசம். எழுத்தையும் வடிவத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஆல்ட் டபிள்யூ. வடிவத்தை நிறமில்லாமல் ஆக்கிவிட்டு அப்படியே வைத்திருங்கள், அழிக்காதீர்கள், எழுத்து அதைப் பிடித்துத்தான் நிற்கிறது. கோரல் டிராவில் டைப் கருவியை வடிவத்தின் உள் ஓரத்தில் கிளிக் செய்தால் போதும். வாசகம் மிஞ்சினால் சட்டம் சிவப்பாக மாறும். கிம்ப்பில் எழுத்துப் பெட்டி செவ்வகம் மட்டும்தான், அதில் இந்த வேலைக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

வடிவமே ஒத்துழைக்காத வேலையும் வரும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தை எழுத்தால் நிரப்பித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உயரமான, ஒல்லியான தூண். வரிக்கு ஒரு சொல் கூட உட்காராது. அதற்கு நான் சொன்ன வழி, தூணை வெற்றாக விட்டுச் சுற்றிலும் கடலாக எழுத்தை ஓட விடுவது. தூண் பக்கத்தின் ஓரத்தில் இருந்தால் ஃபோட்டோஷாப்பிலேயே பாத்தை அந்த இடத்தில் மட்டும் உள்ளே வளைத்து வரைந்து செய்யலாம். நடுவில் நிற்க வேண்டுமென்றால் இன்டிசைனில் டெக்ஸ்ட் ராப் அல்லது இங்க்ஸ்கேப்பின் சப்ட்ராக்‌ஷன் ஃபிரேம்.

உங்கள் பாக்கெட்டுக்கு வருவோம். நிகர எடை, விலை, தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் எதையும் முந்திரிக்குள் விடாதீர்கள். வரி ஓரத்தில் எண் உடைந்தால் யாருக்கும் படிக்க வராது. அவற்றை நேரான பெட்டியில் தனியாக வையுங்கள். எல்லாம் முடிந்ததும் கோப்பை இரண்டாகச் சேமியுங்கள், ஒன்று எழுத்தாகவே, இன்னொன்று கன்வர்ட் டு ஷேப் செய்து அச்சகத்துக்கு. அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாமல் வேறொன்று மாறி விழுந்தால் நீங்கள் உடைத்த வரி அத்தனையும் போய்விடும். கடைசியாக, திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்திப்படாமல், உண்மையான அளவில் ஒரு தாளில் அச்செடுங்கள். வாசகத்தை இதற்கு முன் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, கை நீட்டிய தூரத்தில் பிடித்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறாரோ, அந்த வரியைப் பென்சிலால் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் திருத்துங்கள்.